ஆட்டோ கியரை ஏன் அவசரமில்லாமல் மாற்ற வேண்டும்?

ஆட்டோ காடியில், அதாவது தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் காரில், கிளட்ச் கிடையாது என்று நம்மில் நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இடது காலுக்குக் கீழே பெடல் இல்லை, அவ்வளவுதான். கியர்பாக்ஸுக்கு உள்ளே கிளட்ச் இருக்கிறது, அதுவும் ஒன்றல்ல, பல. பழைய மைவி, பெஸ்ஸா, சாகா மாதிரியான மலேசியக் காடிகளின் நான்கு கியர் ஆட்டோ கியர்பாக்ஸைப் பிரித்தால், தட்டு தட்டாக அடுக்கியிருப்பது தெரியும்: ஒரு இரும்புத் தட்டு, ஒரு உராய்வுத் தட்டு, மறுபடி இரும்பு, மறுபடி உராய்வு. உராய்வுத் தட்டின் மேல் ஒட்டியிருப்பது காகித வகையைச் சேர்ந்த பொருள், மிக மெல்லிய படலம். எண்ணெய் அழுத்தம் அந்த அடுக்கை இறுக்கினால் கியர் விழுகிறது, விட்டால் விலகுகிறது. லீவரை பி-யிலிருந்து (பார்க்கிங்) டி-க்கு (டிரைவ்) இழுக்கும்போது காடி லேசாக ஒரு தடவை முன்னால் உந்தும், பிரேக்கில் கால் இருந்தாலும் அது தெரியும். அதுதான் கிளட்ச் பிடித்த நேரம்.

கியர்பாக்ஸ் தேய்வதில் பெரும்பகுதி இப்படிப் பிடிக்கும் நேரங்களில்தான் நடக்கிறது. பிடித்து முடித்த கிளட்ச் தேய்வதில்லை, இரண்டு தட்டும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பிடிப்பதற்கு முன்னால், ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றி ஒன்றையொன்று உரசும் அந்தக் குறுகிய நேரத்தில்தான் சூடு வருகிறது, படலம் குறைகிறது. இரண்டு தட்டுக்கும் உள்ள வேக வித்தியாசம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு சூடு. ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்றிலிருந்து நான்குக்கு எப்போது போவது என்பதைக் கணினி முடிவு செய்கிறது, அதில் நம் கை குறைவு. ஆனால் நின்ற இடத்தில் லீவரை மாற்றும் நேரம் முழுக்க நம் கையில் இருக்கிறது. டிஏ உரிமம் (ஆட்டோ காடிக்கு மட்டுமான உரிமம்) எடுத்து, ஆட்டோ மட்டுமே ஓட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். மேனுவல் சாகாவில் பழகிய அப்பா, மாமா தலைமுறைக்குக் கிளட்ச் கருகும் வாடை தெரியும், ஏற்றத்தில் காலைப் பிழையாக எடுத்தால் என்ன ஆகும் என்று உடம்பிலேயே தெரியும். ஆட்டோவில் அந்தத் தவறு சத்தம் போடாமல் நடக்கும், பில் மட்டும் சில வருடம் கழித்து வரும்.

சரி, காலையிலிருந்து தொடங்குவோம். இன்ஜினை முடுக்கியதும் ஆர்பிஎம் முள் (இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் முள்) வழக்கத்தைவிட மேலே நிற்கும். இன்ஜின் குளிர்ந்திருப்பதால் கணினியே அதைக் கொஞ்சம் வேகமாகச் சுழல விடுகிறது, 1,200, 1,500 என்று காட்டும். சூடானதும் 700, 800-க்கு இறங்கும். அந்த 1,500-இல் இருக்கும்போதே ரிவர்ஸ் போட்டால் காடி ‘டக்’ என்று ஒரு குத்து குத்தும். அத்தனை வேகத்தையும் அந்தக் காகிதப் படலம்தான் உள்வாங்குகிறது. முள் முழுக்க இறங்கும் வரை காத்திருக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. நம் ஊரில் காலை ஆறு மணிக்கும் குளிர் என்று ஒன்று பெரிதாகக் கிடையாது, சீட் பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரி செய்வதற்குள் முள் ஓரளவு இறங்கிவிடும். அதற்கப்புறம் லீவரை மாற்றினால் போதும். முதல் சில கிலோமீட்டர் மிதமாக ஓட்டினால் எண்ணெயும் தானாகச் சூடாகிவிடும், வாசலில் நிறுத்தி வைத்து உறுமவிடத் தேவையில்லை.

மாற்றிய பிறகு அந்த லேசான உந்துதல் வரும் வரை பிரேக்கை விடாதீர்கள். அரை நொடியோ ஒரு நொடியோதான் ஆகும். உந்துதல் வருவதற்கு முன்னால் ஆக்சிலேட்டரை மிதித்தால், இன்னும் பிடித்து முடிக்காத கிளட்ச்மேல் இன்ஜினின் முழு வேகமும் விழும். பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள் என்ற அவசரத்தில் நிறைய பேர் இதைத்தான் செய்கிறார்கள்.

இதைவிடக் கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. செந்தூல், கெப்போங் பக்கம் தரைவீட்டு வரிசைகளில் இரண்டு பக்கமும் காடி நிறுத்தியிருக்க, நடுவில் ரிவர்ஸ் எடுத்துத் திரும்ப வேண்டியிருக்கும். பின்னால் போய்க்கொண்டிருக்கும் காடி நிற்பதற்கு முன்பே டி-க்குத் தட்டிவிடுவார்கள். காடி நிற்கும், நன்றாகவே நிற்கும், ஆனால் நிறுத்தியது பிரேக் அல்ல. முன்னோக்கிப் போவதற்கான கிளட்ச்தான் பின்னோக்கிப் போகும் ஒரு டன் எடையைப் பிடித்து நிறுத்தி, அப்புறம் எதிர்த் திசையில் தள்ளியிருக்கிறது. கொஞ்சம் வேகம் கூடுதலாக இருந்தால் இப்போதைய கியர்பாக்ஸ்கள் கட்டளையை ஏற்காது, ஆனால் நடை வேகத்தில் ஏற்றுக்கொள்ளும். பிரேக் பேட் தேய்ந்தால் ஒரு மதிய நேரத்தில் மாற்றிவிடலாம். கியர்பாக்ஸ் என்றால் இறக்கி, பிரித்து, ஏற்ற வேண்டும், சில ஆயிரம் வெள்ளி போய்விடும், அல்லது ஹாஃப்கட் கடையில் (பழைய உதிரிப்பாகக் கடையில்) ஒரு பழைய ஜப்பான் கியர்பாக்ஸைத் தேடி அதன் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டும். மலிவாக மாற்றக்கூடிய பொருள் இருக்கும்போது விலை கூடியதைத் தேய்ப்பதில் நியாயமே இல்லை. முழுக்க நிறுத்துங்கள், மாற்றுங்கள், உந்துதல் வரட்டும், காலை எடுங்கள். இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே போதும் என்பேன்.

பி-யைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பி போட்டால் கியர்பாக்ஸுக்குள் ஒரு சிறிய இரும்புக் கொக்கி, பல் வெட்டிய ஒரு சக்கரத்தின் இடைவெளியில் போய் உட்கார்கிறது. அவ்வளவுதான் பி. சமதளத்தில் அதற்கு வேலையே இல்லை. ஆனால் கொண்டோவின் சாய்தளத்திலோ, பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா பக்கம் மேட்டுச் சாலையிலோ நிறுத்திவிட்டு நேராக பி போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், காடி சில சென்டிமீட்டர் உருண்டு அந்தக் கொக்கிமேல் முழு எடையோடு சாயும். மறுநாள் காலை லீவரை எடுக்கும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம், சில நேரம் லீவர் வர மறுத்து அடம்பிடிக்கும். அது எடைக்கடியில் இறுகிய கொக்கியைப் பிடுங்கும் சத்தம். சரியான வரிசை இதுதான்: பிரேக்கை மிதித்தபடியே ‘என்’ (நியூட்ரல்) போடுங்கள், ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுங்கள், பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுத்து எடை ஹேண்ட் பிரேக்கில் உட்காரட்டும், மறுபடி பிரேக்கை மிதித்து பி போடுங்கள். கிளம்பும்போது பிரேக்கை மிதித்து, முதலில் லீவரை எடுத்துவிட்டு அப்புறம் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். புரோட்டோன் எக்ஸ்50 மாதிரி எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள காடிகளிலும் வரிசை இதேதான், இழுப்பதற்குப் பதில் பொத்தான். காடி நிற்பதற்கு முன்னால் பி போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, உள்ளே கடகடவென்று கேட்கும் சத்தமே சொல்லிவிடும்.

சிவப்பு விளக்கில் டி-யா, என்-னா? இது கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் தீராத வாக்குவாதம். டி-யில் பிரேக்கோடு நிற்கும்போது கிளட்ச் பிடித்தபடியேதான் இருக்கிறது, தேயவில்லை. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் மட்டும் எண்ணெயைக் கலக்கிக்கொண்டிருக்கும், அதனால் கொஞ்சம் சூடு வரும். அந்தச் சூட்டைத் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். என்-னுக்குத் தள்ளிவிட்டு மறுபடி டி-க்கு வந்தால் ஒரு முறை கிளட்ச் விலகிப் பிடிக்கிறது. அதனால் ஜாலான் ஈப்போவில் விளக்குக்கு விளக்கு என், டி, என், டி என்று மாற்றிக்கொண்டே போவது காப்பாற்றுவதாக நினைத்துத் தேய்ப்பதுதான். நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போகும்போது டி-யிலேயே இருங்கள். நொடி எண்ணும் விளக்கில் 90, 100 என்று காட்டினால், அல்லது முன்னால் விபத்து நடந்து எல்லாமே நின்றுவிட்டால், என் போட்டு ஹேண்ட் பிரேக் இழுப்பது நல்லது, காலுக்கும் ஓய்வு. பி மட்டும் வேண்டாம். அதற்குப் போகும்போதும் வரும்போதும் லீவர் ஆர்-ஐத் தாண்டுகிறது, பின்னால் இருப்பவருக்கு ரிவர்ஸ் விளக்கு மின்னிப் பயமுறுத்தும், பின்னாலிருந்து யாராவது இடித்தால் அந்தச் சிறிய கொக்கிதான் அடி வாங்கும்.

ஓடும்போது என் போட்டு உருளவிடும் பழக்கத்தைப் பெட்ரோல் மிச்சம் என்று சொல்லிச் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்துக் கணக்கு அது. இன்றைய இன்ஜினில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் கணினி பெட்ரோலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. என்-இல் இருந்தால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்றியே ஆக வேண்டும். அதாவது மிச்சமே இல்லை. அதோடு 80 கிலோமீட்டர் வேகத்தில் மறுபடி டி போடும்போது, ஐடிலில் இருக்கும் இன்ஜினை அந்த வேகத்துக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டியது யார்? அதே படலம்தான். இறக்கத்தில் என்றால் இன்ஜின் பிரேக்கிங்கும் (இன்ஜினே காடியின் வேகத்தை இழுத்துப் பிடிப்பது) போய்விடும், அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மென்மையாக ஓட்டுவது என்றால் மெதுவாக ஓட்டுவது என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது பாதிதான் சரி. கெந்திங் ஏறும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே விடுதிகள் இருக்கும் இடம் சுமார் 1,800 மீட்டர் உயரம். குடும்பத்தோடு ஐந்து பேர், ஏர்கோன் ஓடுகிறது, நான்கு கியர் ஆட்டோ. டி-யில் விட்டுவிட்டு ஆக்சிலேட்டரை மெல்ல மெல்ல மிதித்தால் கியர்பாக்ஸ் குழம்பும்: மேல் கியருக்குப் போகும், இழுக்க முடியாமல் கீழே வரும், கொஞ்சம் சமமானதும் மறுபடி மேலே போகும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு கிளட்ச் விட்டு இன்னொன்று பிடிக்கிறது. டார்க் கன்வர்ட்டருக்குள் ஒரு பூட்டு கிளட்ச் உண்டு, சீரான ஓட்டத்தில் அது பூட்டிக்கொண்டு சூட்டைக் குறைக்கும். இந்த ஏற்றத்தில் அதுவும் பூட்டித் திறந்து பூட்டித் திறந்து கொண்டிருக்கும், எண்ணெயும் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சூடாகிவிடும். இங்கே மென்மை என்பது 3 அல்லது 2-க்கு நீங்களே இறக்கிவிடுவது. பழைய காடிகளில் லீவரின் பக்கத்தில் ஓ.டி. (ஓவர்டிரைவ், அதாவது மேல் கியர்) பொத்தான் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோ, கீழே சொல்கிறேன்) என்றால் லீவரை எஸ்-இல் வையுங்கள். இன்ஜின் சத்தம் கூடும், பரவாயில்லை, இன்ஜின் அதற்காகச் செய்ததுதான். கியர்பாக்ஸ் ஒரே கியரில் நிம்மதியாக இருக்கும்.

இறங்கும்போது ‘குணாகான் கியர் ரெண்டா’ (கீழ் கியரைப் பயன்படுத்துங்கள்) என்று பலகை வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. ஆட்டோ காடிக்கும் அது பொருந்தும். முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, அப்புறம் ஒரு படி கீழே, போதவில்லை என்றால் இன்னொரு படி. வேகமாகப் போகும்போதே எல்-க்கு (மிகக் கீழ் கியருக்கு) இழுப்பதுதான் கெடுதல். பினாங்கில் துன் சார்டோன் சாலை வழியாக பாலிக் புலாவ் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், அங்கே தூரம் குறைவு, வளைவு அதிகம்.

இன்னொரு ஏற்றம் நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்தது: பேரங்காடியின் பல மாடிக் கார் நிறுத்துமிடம். தீபாவளிக்கு முந்திய வாரக்கடைசியில் மிட்வேலியிலோ வேறெங்கோ சாய்தளத்தில் வரிசை நிற்கும். காடி பின்னால் உருளாமல் இருக்க, பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே நிறுத்தி வைப்பார்கள் சிலர். சாதாரண ஆட்டோவில் அந்த முழுச் சக்தியும் டார்க் கன்வர்ட்டர் எண்ணெயைச் சூடாக்குவதில்தான் போகிறது. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில் நிலைமை இன்னும் மோசம். 2020-இல் உள்நாட்டில் தயாரான எக்ஸ்70-யும், அதே வருடம் வந்த எக்ஸ்50-யும் ஏழு கியர் ஈர (எண்ணெயில் முழுகிய) இரட்டை கிளட்ச் கொண்டவை. அதில் டார்க் கன்வர்ட்டரே கிடையாது, மேனுவல் காடியின் கிளட்சைக் கணினி இயக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆக்சிலேட்டரால் பிடித்து வைக்கும் அத்தனை நேரமும் கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. பிரேக்கால் நிறுத்துங்கள். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலிலும் அங்குலம் அங்குலமாக ஊராமல், முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, இடம் கிடைத்ததும் பிரேக்கை முழுக்க விட்டுப் போங்கள். குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள் நுழையும், நுழையட்டும்.

சிவிடியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இப்போது சாலையில் பாதி அதுதான் என்று தோன்றுகிறது. பெரோடுவா 2021 மார்ச்சில் அத்திவாவில் டி-சிவிடியைக் (அவர்களுடைய சிவிடி வகை) கொண்டுவந்தது, அதே வருடக் கடைசியில் மைவிக்கும், 2022-இல் அல்சாவுக்கும், 2023-இல் ஆக்சியாவுக்கும் வந்தது. புரோட்டோன் எதிர்த்திசையில் போனது, சாகாவில் இருந்த சிவிடியை 2019-இல் எடுத்துவிட்டு ஹூண்டாயின் நான்கு கியர் ஆட்டோவைப் போட்டது. சிவிடியில் கியர் படிகள் இல்லை, இரண்டு கப்பிகளுக்கு நடுவில் ஓர் எஃகு பெல்ட். கப்பிகள் அதை எண்ணெய் அழுத்தத்தால் நசுக்கிப் பிடிக்கின்றன. பெல்ட் ஒரு தடவை வழுக்கினால் கப்பியின் பளபளப்பான பரப்பில் கீறல் விழும், அந்தக் கீறல் அடுத்த வழுக்கலுக்கு வழி விடும். அதனால் நின்ற இடத்திலிருந்து அழுத்தி மிதித்துப் பாய்வதும், மணலிலோ சேற்றிலோ சக்கரம் சுழன்று திடீரென்று தரையைப் பிடிப்பதும் சிவிடிக்கு ஆகாது. முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றுவதற்கு அதற்குள்ளும் கிளட்ச் அடுக்கு இருக்கிறது, ஆகவே மேலே சொன்ன ‘முழுக்க நிறுத்து, அப்புறம் மாற்று’ இதற்கும் அப்படியே பொருந்தும்.

எவ்வளவு நாசூக்காக ஓட்டினாலும் எண்ணெயை மாற்றாவிட்டால் எல்லாம் வீண். கியர் எண்ணெய் வழவழப்புக்கு மட்டும் இல்லை, அதுவேதான் கிளட்சை இறுக்குகிறது, அதுவேதான் சூட்டை வெளியே கொண்டுபோகிறது. ‘ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை’ என்று சில காடிகளுக்குச் சொல்கிறார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. கையேட்டில் கடினமான சூழலுக்கென்று தனியாக ஒரு குறுகிய இடைவெளி போட்டிருப்பார்கள்: நின்று நின்று போகும் நெரிசல், வெயில், மலைப்பாதை. கோலாலம்பூரில் ஓடும் காடி எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும். இங்குள்ள ஃபோர்மேன்கள் (மெக்கானிக்குகள்) பொதுவாக 40,000 முதல் 60,000 கிலோமீட்டர் என்பார்கள், எனக்கு அது நியாயமாகப் படுகிறது. அடியில் திறந்து வடித்தால் பாதி எண்ணெய்கூட வராது, மீதி கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். மெஷின் வைத்து முழுவதையும் மாற்றுவதை ‘டயாலிசிஸ்’ என்கிறார்கள். பல வருடம் மாற்றாமல் விட்ட கியர்பாக்ஸுக்கு டயாலிசிஸை நான் பரிந்துரைக்க மாட்டேன், கொஞ்சம் வடித்து ஊற்றி, ஓட்டிப் பார்த்து, மறுபடி வடிப்பது பாதுகாப்பு. எண்ணெய் பழுப்பாகி, கருகிய வாடையும் வந்தால் படலம் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது, புது எண்ணெய் அதைத் திருப்பித் தராது. சிவிடிக்கு சிவிடி எண்ணெய்தான், ஆட்டோ எண்ணெயை அதில் ஊற்றினால் பெல்ட் பிடிக்காது. ஊற்றுவதற்கு முன் போத்தலை வாங்கிப் பாருங்கள், கையேட்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று. நல்ல ஃபோர்மேன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாக வெள்ளம். 2017 நவம்பரில் பினாங்கிலும், 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் எத்தனை காடி மூழ்கியது என்று பார்த்தோம். கியர்பாக்ஸுக்கு மேலே ஒரு சிறிய காற்றுத் துளை உண்டு, தண்ணீர் அதன் வழியாக உள்ளே போகும். எண்ணெய் சிராப் பாண்டோங் (பால் கலந்த ரோஸ் பானம்) நிறத்துக்கு வந்துவிட்டால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். காகிதப் படலம் தண்ணீரை உறிஞ்சிப் பசைவிட்டு உரிந்துவிடும். ஆகவே தண்ணீர் வடிந்ததும் ‘ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பாதீர்கள், லாரியைக் கூப்பிடுங்கள். இழுத்துக்கொண்டு போவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது: ஆட்டோவின் எண்ணெய்ப் பம்பைச் சுற்றுவது இன்ஜின், இன்ஜின் ஓடாதபோது சக்கரம் தரையில் சுழன்றால் உள்ளே பல்சக்கரங்கள் காய்ந்த நிலையில் சுற்றும். மைவி, ஆக்சியா, சாகா எல்லாம் முன்சக்கரம் இழுப்பவை, முன்னால் தூக்கினால் சரி. அரூஸ், பழைய அவான்சா பின்சக்கரம் தள்ளுபவை, அவற்றைப் பின்னால் தூக்க வேண்டும். லாரிக்காரருக்கு அவசரம் இருக்கும், கொக்கியை மாட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள், முடிந்தால் முழுக் காடியையும் ஏற்றிப் போகும் தட்டு லாரியைக் கேளுங்கள்.